குப்புசாமி நலமாக இருக்கிறார்

போன மாதம் எங்கள் துணையிருப்போர் இல்லத்தின் புது அறங்காவலர்கள் இரண்டு பேர் புதுச்சேரி கதிர்காமத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். காப்பி குடித்தார்கள், முறுக்கு தின்றார்கள், என் முழங்கால் வலியை விசாரித்தார்கள். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்கள். நன்கொடை திரட்டுவதை இனிமேல் முழுக்க செல்போன் வழியாகவே வைத்துக்கொள்ளப் போகிறார்களாம். அதில் அறங்காவலர்கள் எதை எதைக் கவனிக்க வேண்டும் என்று அனுபவசாலி என்ற முறையில் நான் எழுதித் தர வேண்டுமாம். “பாயிண்ட் பாயிண்டா குடுத்தா போதும் மேடம்” என்றார் ஒருவர்.

பாயிண்டாக எழுத எனக்கு வராது. ஓய்வு பெற்றவளுக்கு நேரம் நிறையவே கிடக்கிறது, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். வேண்டியதை அவர்களே பொறுக்கிக்கொள்ளட்டும். இதைப் படித்து முடிக்கப் பொறுமை இல்லை என்றால் அறங்காவலராக இருக்கவும் பொறுமை இருக்காது, அது இப்போதே தெரிந்துவிடுவது எல்லோருக்கும் நல்லது.

கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு விழுப்புரம், திண்டிவனம், கடலூர் என்று எங்கெங்கிருந்தோ நோயாளிகள் பஸ்ஸில் வந்து இறங்குவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நோயாளிக்கு உள்ளே ஒரு கட்டில் கிடைத்துவிடும். கூட வந்த மனைவிக்கோ அண்ணனுக்கோ மரத்தடிதான், இல்லையென்றால் மூடிய கடை வாசல். அப்படிக் கூட வந்தவர்களுக்குப் படுக்க ஒரு பாய், குளிக்கத் தண்ணீர், இரண்டு வேளை சாப்பாடு. எங்கள் இல்லத்தின் வேலை இவ்வளவுதான். வைத்தியத்துக்கு நாங்கள் ஒரு பைசா தருவதில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வந்த வம்பே இதிலிருந்துதான்.

பி.காம். முடித்துவிட்டு ஒரு பாத்திரக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி இல்லத்தில் ஆள் தேடுகிறார்கள் என்றாள், போய்ச் சேர்ந்தேன். ரசீது எழுதவும், திடீரென்று கூட்டம் கூடிப்போனால் சாம்பாரை எப்படி நீட்டுவது என்று பார்க்கவும், குடித்துவிட்டு வரும் மச்சானைச் சத்தம் போடாமல் வெளியே அனுப்பவும் முதல் வருஷத்திலேயே கற்றுக்கொண்டேன். அப்புறம் கணக்கர், அப்புறம் மேலாளர். ஊரில் எல்லோருக்கும் மேனேஜரம்மா ஆனேன். வேறு வேலைக்குப் போகவே இல்லை.

இல்லத்துக்கு ஐந்து அறங்காவலர்கள். தலைவர் தெரேஸ் மதாம். பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பூப்போட்ட கவுன், கறுப்பு ஷூ, தோளில் தோல் பை. ஒடிசலான உடம்பு, ஆனால் அவர் உள்ளே வந்தால் கூடம் முழுக்கத் தெரிந்துவிடும். அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. மரியாதைதான் உயரும். சாதாரணமாக என்னை “நீ” என்பார். “வசந்தா, நீங்கள் இதைச் சற்றுப் பாருங்கள்” என்று ஏட்டுத் தமிழில் ஆரம்பித்தார் என்றால் உடனே ரசீதுப் புத்தகத்தை எடுத்துச் சரிபார்ப்பேன். எந்தத் தப்பும் செய்யாத நாளில்கூடச் சரிபார்ப்பேன்.

நன்கொடை கேட்கும் விஷயத்தில் மதாம் வைத்திருந்த வழக்கம் ஒன்று உண்டு. அதற்கு நாங்கள் வைத்த பெயர் காதுப் பரீட்சை. இல்லத்தின் பெயரைச் சொல்லி வீடு வீடாகக் கேட்கப் போகிறவர் யாராக இருந்தாலும், முதலில் ஓர் அறங்காவலர் வீட்டுக் கதவைத் தட்டி, தெரியாத வீட்டில் பேசுவதாகவே நினைத்துப் பேசிக் காட்ட வேண்டும். மதாம் வீட்டில் தட்டினால் கதவைத் திறப்பது மதாமாக இருக்காது. ஒரு நாள் சிடுமூஞ்சிக் கிழவராகத் திறப்பார். இன்னொரு நாள் வீட்டில் அரிசி இல்லாத பொம்பளையாகத் திறந்து, ஏதாவது கொடுத்தே ஆக வேண்டுமோ என்று பயந்து கையைப் பிசைவார். நான் ஓரமாக உட்கார்ந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பேன்.

ஓய்வு பெற்ற பாங்க் அதிகாரி ஒருவர் பரீட்சைக்கு வந்தார். அழகாகப் பேசினார். மதாம் “இல்லீங்க” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய் எனக்குக் காப்பி கலக்க ஆரம்பித்துவிட்டார். அவர் மறுபடி மணி அடித்தார். பிறகு இன்னொரு தரம். மதாம் அசையவே இல்லை. “இல்லைன்னு சொன்ன வூட்டுல திரும்ப மணி அடிக்கிறாரு பார், இவரு ஃபெயில்” என்று சொல்லிவிட்டுச் சர்க்கரை போதுமா என்று என்னிடம் கேட்டார். பாவம், அந்த மனிதர் அடுத்த மாதம் மறுபடி வந்து பாஸ் பண்ணினார்.

இதெல்லாம் எதற்கு, ரசீது சரியாக இருந்தால் போதாதா என்று ஒரு தரம் கேட்டேன். “நம்ம பேரைச் சொல்லி ஒருத்தர் போய்க் கேக்கறாரு. அவர் என்ன சொல்லிக் கேக்கறாருன்னு நமக்குத் தெரியலைன்னா நாம எதுக்கு டிரஸ்டி? ஃபோட்டோவுல நிக்கவா?” என்றார். அதே மாதிரி, இல்லத்தில் தங்கியிருப்பவரிடம் எதுவும் கேட்கக் கூடாது. நாம் செய்யாத காரியத்தைச் செய்வதாகச் சொல்லக் கூடாது. இந்த இரண்டிலும் அவர் கறார்.

அரிசி மண்டி வைத்திருந்த பாண்டுரங்கன் அறங்காவலராகச் சேர்ந்த புதிதில் நடந்ததைச் சொன்னால் மதாமின் தன்மை இன்னும் புரியும். இல்லத்துக்காக ஒரு பாட்டுக் கச்சேரி வைத்தோம். டிக்கெட் கட்டு மொத்தத்தையும் அவர் வாங்கிப்போய் இரண்டே நாளில் விற்றுவிட்டு வந்தார். கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினோம்.

“மெர்சி, முஸ்யே” என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார் மதாம். “யாராச்சும் வேணாம்னு சொன்னாங்களா?”

“ஒருத்தன் சொல்லல மதாம்!” பாண்டுரங்கனுக்குப் பெருமை தாங்கவில்லை.

“வாங்கினவங்கள்ல, உங்க மண்டியில கடனுக்கு அரிசி எடுக்காதவங்க எத்தனை பேரு?”

பாண்டுரங்கனுக்கு முகம் உப்பிவிட்டது. ராஜினாமா செய்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. “ஏறு வசந்தா” என்றார். கடை கடையாக ஏறி இறங்கினோம். “டிக்கெட்டு வேணாம்னா திருப்பிக் குடுத்துடு. அரிசிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல” என்று அவர் சொல்லச் சொல்ல, கடைக்காரர்கள் இது ஏதோ சோதனை என்று நினைத்துக் கும்பிட்டார்கள். முத்தியால்பேட்டையில் ஒருவர் மட்டும், “நெசமாவா முதலாளி? நெசமாவா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, “அப்படின்னா எனக்கு வேணாங்க, எனக்குப் பாட்டே புடிக்காது” என்று டிக்கெட்டை எடுத்து நீட்டினார். அந்த ஆளின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பாண்டுரங்கன் காரில் வந்து உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். “இத்தினி வருஷத்துல எவனும் எங்கிட்ட முடியாதுன்னு சொன்னதில்ல. கேக்க நல்லாதான் இருக்குது” என்றார்.

இனி அஞ்சலை விஷயத்துக்கு வருகிறேன்.

இல்லத்தில் அப்போது ஒரே கூடம். நடுவில் கயிறு கட்டிப் புடவையைத் தொங்கவிட்டு இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். புடவை காற்றில் ஆடும். பெண்கள் பாதிப் பேர் படுக்கவே மாட்டார்கள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி கண்ணயர்வார்கள். அவர்களுக்கென்று மாடியில் தனிக் கூடம் கட்ட ஆரம்பித்தோம். தூண் எழும்பியது, பணம் தீர்ந்தது. கம்பிகள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன.

பாரீசில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிய பிரபு அப்போது எங்களுடைய இளைய அறங்காவலர். நல்ல பிள்ளை, சுறுசுறுப்பு, எதையும் உடனே செய்து பார்க்க வேண்டும். செல்போன் வழியாக நன்கொடை திரட்டித் தரும் சென்னைக் கம்பெனி ஒன்றை அவர்தான் கூட்டி வந்தார். கம்பெனி மேனேஜரை அறங்காவலர்கள் சும்மா விடவில்லை. கமிஷன் எவ்வளவு என்று பாண்டுரங்கன் கேட்ட கேள்வியில் மேனேஜருக்கு ஏசியிலும் வியர்த்தது. பணம் யார் கணக்கில் விழும், ரசீது யார் தருவார்கள் என்று மதாம் துருவினார். எல்லாம் சரியாக இருந்தது. கூடத்தையும் குளியலறை வாசலில் பெண்கள் நிற்கும் வரிசையையும் காட்டும் ஒரு வீடியோவைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார்கள். அதுவும் நன்றாகவே இருந்தது. கதவைத் தட்டாமல் கேட்கிறார்கள், இதில் காதுப் பரீட்சைக்கு வேலை இல்லை என்று அறங்காவலர்கள் ஐந்து பேரும் நினைத்துவிட்டார்கள். மதாமுக்கே அது தோன்றவில்லை.

பணம் வர ஆரம்பித்தது. முதலில் சொட்டுச் சொட்டாக, பிறகு திடீரென்று கொட்ட ஆரம்பித்தது. பாண்டுரங்கன் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். மேஸ்திரியைக் கூப்பிட்டு மறுபடி வேலையைத் தொடங்கச் சொன்னோம்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த நேரம். குருசுக்குப்பத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் அலுவலகத்துக்குள் வந்தார்கள். பெண்ணை எனக்குத் தெரியும். அஞ்சலை, தலையில் கூடை வைத்து மீன் விற்பவர். போன வருஷம் புருஷனுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது எங்கள் இல்லத்தில்தான் தங்கியிருந்தார். புருஷன் குப்புசாமியை இப்போதுதான் எழுந்து நிற்கும் கோலத்தில் பார்க்கிறேன். கதவு நிலை இடிக்கும் உயரம், கடலில் வலை வலித்து உரமேறிய கை.

“மேனேஜரம்மா, நான் எப்ப சாவப் போறேன்?” என்றார்.

குடித்துவிட்டு வந்திருக்கிறாரோ என்று நினைத்தேன்.

“ஒண்ணுமில்ல, தேதி தெரிஞ்சா வலைய எவனுக்காச்சும் வித்துட்டுப் போவலாம்னு கேட்டேன்.”

“இந்தாளு வெளையாட்ட நிறுத்தச் சொல்லுங்கம்மா, எனுக்கு வவுறு எரியுது” என்று அஞ்சலை செல்போனை என் மேசைமேல் வைத்தார்.

திரையில் அஞ்சலையின் முகம். இல்லத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுகிறார். பின்னால் சோகமாக வயலின். கீழே எழுத்து ஓடுகிறது: “இந்தத் தாயின் தாலி இன்னும் எத்தனை நாளைக்கு? கணவரின் உயிர் உங்கள் கையில்.” கடைசியில் எங்கள் இல்லத்தின் பெயர், பணம் அனுப்பும் வழி.

அப்புறம் விசாரித்ததில்தான் தெரிந்தது. கம்பெனிக்காரர்கள் எங்களிடம் காட்டியது ஒன்று, ஊருக்கு விட்டது பல. அதில் எது நன்றாக ஓடுகிறதோ அதையே திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறார்கள். படம் எடுக்க வந்த கம்பெனிப் பையன்கள் ஆபரேஷன் அன்றைக்கு அஞ்சலையிடம் கேட்டுக் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். இல்லத்துக்கு என்றால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவரும் சொல்லியிருக்கிறார். அது நடந்து எத்தனையோ மாதம் ஆயிற்று. ஆபரேஷன் ஆகி, வீட்டுக்குப் போய், உடம்பு தேறி, குப்புசாமி திரும்பக் கடலுக்கே போய்க்கொண்டிருந்தார்.

“தெருவுல கூடைய எறக்கினா எல்லாரும் அய்யோ பாவம்னு பேரம் பேசாம வாங்கறாங்க” என்றார் குப்புசாமி. “யாவாரம் நல்லாதான் போவுது.”

அஞ்சலை அவரை ஒரு பார்வை பார்த்தார்.

“எம்மவ செல்விக்குத் தெற்கால ஒரு குப்பத்துல மாப்ள பாத்து, பரிசத்துக்கு நாள் குறிச்சிருந்தோம்மா. அவங்க ஊரு பூரா இந்தப் படத்தப் பாத்துடுச்சி. சாவக் கெடக்குற ஆள மறைச்சி வெச்சி எங்க தலையில பொண்ணக் கட்டப் பாத்தீங்களான்னு சம்பந்தி வூட்டுல சொல்லி அனுப்பிட்டாங்க. ஊர்க்காசு அத்தினியும் வாங்கி எங்க வெச்சிருக்கீங்கன்னு வேற கேக்கறாங்க. ஒரு ரூவா வாங்கினோமா நாங்க?” அஞ்சலை செல்போனைக் கவிழ்த்து வைத்தார். “எம்மவ எங்கூட பேச மாட்டேங்கறா. கேமரா முன்னாடி நீ எதுக்கு அழுதேன்னு கேக்கறா. நான் கேமராவப் பாத்தாம்மா அழுதேன்? உள்ள இவர வவுத்தக் கிழிச்சிருந்தாங்க, அழுதேன்.”

எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. மதாமுக்கு போன் போட்டேன். “அவங்கள அனுப்பிடாத, வரேன்” என்றார். ஆட்டோவில் வந்து இறங்கி, அஞ்சலைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். வீடியோவைப் பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “வசந்தா, மற்ற நால்வரையும் இன்றைக்கே வரச் சொல்லுங்கள்” என்றார்.

சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்திலேயே கூட்டம். பிரபு முகம் வெளுத்துப்போய் வந்தார். கம்பெனியிடம் பேசிவிட்டேன், அந்த வீடியோவை உடனே எடுத்துவிடுவார்கள், ஒப்பந்தத்தை மீறியது அவர்கள்தான் என்றார். அத்தோடு விட்டுவிடலாம், கொடுத்தவர்களை வேறு கிளற வேண்டுமா என்று இன்னோர் அறங்காவலர் கேட்டார். பாண்டுரங்கன் தலையைச் சொறிந்தார். கொடுத்தவர்களிடம் உண்மையைச் சொன்னால் எத்தனை பேர் திருப்பிக் கேட்பார்களோ தெரியாது. மேலே கம்பி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

“பிரபு, வெளியில போய்க் கதவைத் தட்டுங்க. அந்த வீடியோவுல என்ன எழுதியிருக்கோ, அதையே சொல்லி எங்கிட்ட நன்கொடை கேளுங்க” என்றார் மதாம்.

பிரபு சிரிக்கப் பார்த்தார், மதாமின் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனார். கதவு தட்டும் சத்தம் கேட்டது. மதாம் போய்த் திறந்தார். பிரபு, “வணக்கம்மா, நாங்க துணையிருப்போர் இல்லத்துலேந்து வரோம்” என்று ஆரம்பித்தார். “இந்த அம்மாவோட தாலி…” என்றவர் அங்கேயே நின்றுவிட்டார். கூடத்தின் மூலையில் அஞ்சலையும் குப்புசாமியும் உட்கார்ந்திருந்தார்கள். பிரபு அவர்களைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். “என்னால சொல்ல முடியல மதாம்” என்றார்.

“நோன். முடியாதுதான்” என்றார் மதாம். “ஆனா நம்ம பேர்ல ஊர் பூரா சொல்லியாச்சு.”

எனக்கு மனம் இரண்டுபட்டுக் கிடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். புடவை மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்தபடி தூங்கும் பெண்களைத் தினம் பார்க்கிறவள் நான். “மதாம், பணம் போயிட்டா இந்தப் பொம்பளைங்க கதி?” என்று குறுக்கே கேட்டேன். அறங்காவலர் கூட்டத்தில் நான் வாயைத் திறப்பதே அபூர்வம்.

“தெரியும். நீ சொல்றது எனக்கும் வலிக்குது” என்றார் மதாம். மறுபடி நீ என்றதில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. “கட்டறது தள்ளிப்போவும், வசந்தா. பொய் சொல்லிக் கட்டின கூடத்துல அஞ்சலை வந்து படுப்பாளா, கேட்டுப் பார்.”

அன்றே ஐந்து பேரும் சேர்ந்து எழுதினார்கள். மதாம் சொல்லச் சொல்ல பிரபு தட்டினார். “குப்புசாமி நலமாக இருக்கிறார். கடலுக்குப் போய் வருகிறார். எங்கள் இல்லம் வைத்தியச் செலவு எதையும் ஏற்பதில்லை. நீங்கள் பார்த்த வீடியோ உண்மையல்ல. அது எங்கள் பெயரில் வந்தது, அதைப் பார்க்காமல் விட்டது எங்கள் தவறு. வந்த பணம் பெண்கள் தங்கும் கூடத்துக்குச் செலவாகும். அதற்குத் தர விருப்பமில்லாதவர்கள் கேட்டால் திருப்பித் தருகிறோம்.” கீழே ஐந்து பெயர்கள். பணம் அனுப்பிய ஒவ்வொருவருக்கும் இது போயிற்று. இப்படிச் சொன்னால் இனிமேல் ஒருவரும் தர மாட்டார்கள் என்று கம்பெனி மேனேஜர் போனில் கத்தினார். பாண்டுரங்கன் போனை வாங்கி, ஒப்பந்தம் முடிந்தது என்பதை மண்டித் தமிழில் விளக்கினார். அதை இங்கே எழுத முடியாது.

நிறையப் பேர் திருப்பிக் கேட்டார்கள். கேட்காமல் விட்டவர்களும் நிறையப் பேர். மாடிக் கூரை இரண்டு மழைக்காலம் தள்ளித்தான் விழுந்தது. இன்றைக்குப் பெண்கள் மேலே கால் நீட்டிப் படுக்கிறார்கள், கதவுக்குத் தாழ்ப்பாளும் இருக்கிறது.

ஆனால் செல்வியின் கல்யாணம் இரண்டு மழைக்காலம் காத்திருக்காதே. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஐந்து அறங்காவலர்களும் நானும் குப்புசாமியைக் கூட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போனோம். மாப்பிள்ளையின் அப்பா ஏழுமலை, சொந்தமாகப் படகு வைத்திருப்பவர். எல்லோருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார், முகத்தை மட்டும் இளக்கவில்லை. பிரபு ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எடுத்து நீட்டினார்.

“சீட்டு இன்னாத்துக்கு சார்? ஆளு கல்லு மாதிரி எதுர்ல குந்திகினு கீறாரு, கண்ணு தெரியாதா எனுக்கு?” என்றார் ஏழுமலை. “வீடியோவ ஊரு பூரா பாத்துது. நீங்க எங்க வூட்டுக்குள்ள வந்து காதுல சொன்னா ஆச்சா? ஊருக்கு முன்னாடி வந்து சொல்லுங்க.”

அன்று மாலை மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. மைக் கட்டியிருந்தார்கள். அங்கே பதில் சொல்ல நிற்பவர் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும் என்பது வழக்கம். மதாம் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஷூவையும் கழற்றினார், காலுறையையும் கழற்றினார். வயதானவர் ஆயிற்றே என்று நாற்காலி கொண்டுவந்தார்கள். “எல்லாரும் நிக்கறாங்க, நானும் நிக்கறேன்” என்றுவிட்டார்.

“மெட்ராஸ் கம்பெனிக்காரன் பண்ணதுக்கு நீங்க ஏன் வந்து நிக்கறீங்க?” என்று கேட்டார் ஊர்த் தலைவர்.

பிரபு மைக்கை வாங்கினார். “கம்பெனிய கூட்டியாந்தது நான்தாங்க. அவங்க கேட்டது எங்க அஞ்சு பேர் பேர்ல. காசு எங்க போவுதுன்னு பார்த்தோம், என்ன சொல்லிக் கேக்கறாங்கன்னு பாக்கல. இவரு நல்லா இருக்காரு, இந்தக் குடும்பம் ஒரு ரூபாகூட வாங்கல. மன்னிச்சுக்குங்க.”

தலைவர் தாடையைத் தடவினார். “எங்க ஊர்லயும் அப்பிடித்தான். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்கப் போற ஆளு எந்த வூட்டுலயாச்சும் தப்பாப் பேசினா, அபராதம் அவனுக்கில்ல, அனுப்புன பஞ்சாயத்தாருக்குத்தான். உங்களுக்கும் அபராதம் உண்டு.”

“எங்க சொந்தக் கைக்காசுலேந்து கட்டறோம்” என்றார் பாண்டுரங்கன் அவசரமாக.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “காசா வாங்காதீங்க! அதுக்கும் எங்கனா வீடியோ போட்டு வசூல் பண்ணியாந்து குடுப்பாங்க!”

கூட்டம் மொத்தமும் சிரித்தது. ஏழுமலையும் சிரித்துவிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பஞ்சாயத்தார் தலையோடு தலை சேர்த்துப் பேசினார்கள். பிறகு தலைவர் சொன்னார்: “கல்யாணத்தன்னிக்கு பொண்ணு வூட்டு வரிசத் தட்ட நீங்க அஞ்சு பேரும் தூக்கிகினு எங்க தெருவுல வரணும். எங்க ஜனம் எல்லாம் பாக்கணும். அதான் அபராதம்.”

மதாம் மைக்குக்கு எட்டும்படி குனிந்து, “ஒரு தட்டு எவ்வளவு கனம் இருக்கும்?” என்று கேட்டார். மறுபடி சிரிப்பு. ஏழுமலை குப்புசாமியின் தோளில் கை போட்டு, “பரிசத்துக்கு நாள் பாருங்க மச்சான்” என்றார். குப்புசாமி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரியாது.

கல்யாணம் ஊர் மெச்ச நடந்தது. மேளத்துக்குப் பின்னால் புது வேட்டியில் குப்புசாமி, வழியில் நின்ற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வணக்கம் வைத்துக்கொண்டு, உயிரோடு இருக்கிறேன் என்பதை யாருக்கும் சந்தேகம் வராதபடி காட்டிக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் அஞ்சலை. பிறகு எங்கள் அறங்காவலர்கள். பிரபு தலையில் தேங்காய்த் தட்டு. மூட்டையைத் தொட்டே பல காலமான பாண்டுரங்கன் அரிசித் தட்டோடு மூச்சு வாங்கினார். மதாம் இரண்டு கையாலும் வெற்றிலை பாக்கு பழத் தட்டை ஏந்தியிருந்தார். அவருடைய தோல் பையை மாட்டிக்கொண்டு நான் பக்கத்தில் நடந்தேன். பெண்கள் தூக்கும் தட்டை ஆம்பளைகள் தூக்குகிறார்கள் என்று தெருவே வாசலில் நின்று சிரித்தது. செல்வி குனிந்த தலையை நிமிர்த்தி ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, அம்மா காதில் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

தெருத் திருப்பத்தில் வயதான மீன்காரம்மா ஒருவர் வாசல்படியிலிருந்து இறங்கி வந்து குப்புசாமியின் தாடையைப் பிடித்துவிட்டார். மேளம் நின்றது.

“நீதானடா அது! சாவப் போறேன்னு போன்ல காட்னாங்களே!”

“நான்தாம்மா. சாவல.”

“எம்மவன்கிட்ட சொல்லி உனுக்கு நூறு ரூவா அனுப்புனேன்டா நான்!”

குப்புசாமி திரும்பி மதாமைப் பார்த்தார். மதாம் தட்டோடு முன்னால் வந்தார். “அம்மா, நீங்க குடுத்த காசு இவர் வைத்தியத்துக்குப் போகல. இவருக்கு வரவும் இல்ல. எங்க இல்லத்துக்கு வந்தது. உங்க மகன் போனுக்குச் சேதி அனுப்பியிருந்தோம்.”

“அவன் எங்க எனுக்குச் சொல்றான்.”

“ஆஸ்பத்திரியில கூட இருக்கற பொம்பளைங்க படுக்க ஒரு கூடம் கட்டறோம், அதுக்கு வெச்சிருக்கோம். வேணாம்னா இப்பவே திருப்பித் தரேன்.”

அந்த அம்மா யோசிக்கவே இல்லை. “குடு” என்றார், கையை நீட்டி.

தேங்காய்த் தட்டுக்குக் கீழே பிரபுவின் முகம் விழுந்துவிட்டது. மதாம் கண்ணைக் காட்டினார். நான் அவருடைய பையைத் திறந்து, அவருடைய சொந்தப் பணத்திலிருந்து ஒரு நூறு ரூபாய் எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார், நோட்டை நாலாக மடித்தார். தலையை நீட்டிச் செல்வியை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். பிறகு மதாமின் தட்டில் வெற்றிலையை விலக்கி, மடித்த நோட்டை அடியில் செருகினார்.

“இது பொண்ணுக்கு” என்றார். “கெட்டியா புடி, கீழ கொட்டிடாத.”

மதாம் தட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மேளம் மறுபடி அடிக்க ஆரம்பித்தது.